கவிழ்த்துப் போட்ட கல்

12 அக்டோபர் 2011, புதன்

ஆப்பிள் கூழ் பதினொரு புட்டி. ஒன்றின் மூடி சரியாக இறுகவில்லை. அதை முதலில் தீர்க்க வேண்டும். செபமாலை சொன்னேன். மாலையில் மூன்றாவது பத்து மணிகளைத் தாண்டி மனம் நிற்கவில்லை.

காரணம் தபாலில் வந்தது. கனடா வினிபெக்கிலிருந்து அலோய்ஸ் அண்ணன் எழுதியிருக்கிறார். இம்மாதம் 29 சனிக்கிழமை ரேகன்ஸ்பர்க் வருகிறாராம், நாலு நாள். முப்பத்துமூன்று வருஷம் கழித்து. பிரெமனிலிருந்து தங்கை ஹில்ட்ரூடையும் அதே நாளில் வரச் சொல்லிவிட்டார். "ஊரை எல்லாம் சுற்றிக் காட்டு, எனக்கும் ஆசைதான். ஆனால் நான் கடல் தாண்டி வருவது ஒன்றுக்காகத்தான். நவம்பர் முதல் தேதி, புனிதர் அனைவர் திருநாளன்று, அம்மாவின் கல்லறை தீர்த்தம் தெளித்து மந்திரிக்கப்படும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். அடக்கத்துக்கு வராதவன். இதற்காவது வருகிறேன்."

மூன்று முறை படித்தேன்.

அம்மாவுக்குக் கல்லறை இல்லை. போன வருஷம் மே மாதத்திலிருந்து இல்லை. அண்ணனுக்கு அது தெரியாது. ஹில்ட்ரூடுக்கும் தெரியாது.

13 அக்டோபர், வியாழன்

நடந்ததை நடந்தபடி இங்கே எழுதி வைக்கிறேன். இந்த நோட்டில் இதுவரை அதை எழுதவே இல்லை என்று நேற்றுத்தான் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எட்டு முட்டை உடைந்ததைக்கூட எழுதியிருக்கிறேன்.

அம்மா இறந்தது 1990 பிப்ரவரி. கல்லறை இடத்துக்கு இருபது வருஷக் குத்தகைதான், அது போன வருஷம் முடிந்தது. நீட்டிப்பதானால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், இல்லையென்றால் மே மாதத்துக்குள் கல்லை எடுத்துவிடுங்கள் என்று கல்லறை அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. பணம் பிரச்சினை இல்லை. என் கணக்கில் அதற்கு இடம் இருந்தது. தாளை அடுக்களை மேசை இழுப்பறையில் வைத்தேன், அவ்வளவுதான். கெடு நாள் வந்தது, போனது.

என் வீட்டுக்காரர் எகிட் கேட்டபோது, "ஆன்மா மண்ணிலா இருக்கிறது, ஆண்டவரிடம் இருக்கிறது" என்றேன். வேதத்தில் இருக்கிற உண்மைதான். உண்மையைச் சொல்லிப் பொய்யை மூடினேன்.

நிஜம் வேறு. வசந்தத்தில் பான்சி, கோடையில் பிகோனியா, இலையுதிர்காலத்தில் எரிக்காச் செடி. இருபது வருஷம். ஆகஸ்ட் வெயிலில் இரண்டு கையிலும் பூவாளி. முட்டி தேய்ந்தது எனக்கு. ஹில்ட்ரூட் வந்தது இரண்டு தடவை, அண்ணன் ஒரு தடவைகூட இல்லை. ஒரு நாள் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது மனசுக்குள் சொன்னேன்: போதும், இனி யாருக்கு வேணுமோ அவங்க வந்து பிடுங்கட்டும். அதற்கு அப்புறம்தான் தாள் வந்தது.

கல்லை எகிட் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நல்ல கருங்கல், வீணாக்குவானேன் என்று தோட்டத்துக் கொட்டகை வாசலில் படியாகப் போட்டார். எழுத்து இருக்கிற பக்கம் கீழே.

நான் தடுக்கவில்லை.

17 அக்டோபர், திங்கள்

நிகழ்ச்சி நிரல் எழுதி முடித்தேன். சனி: கல்பாலம், சாசேஜ் கடை, பழைய ஊர்த் தெருக்கள். ஞாயிறு: பேராலயத்தில் பூசை, பிறகு வல்ஹல்லா மண்டபம். திங்கள்: அருங்காட்சியகம், காப்பி, ஹில்ட்ரூடுக்குக் கடைத்தெரு. ஒரு மணி நேரம்கூடச் சும்மா விடவில்லை. எகிட் தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஒண்ணுக்குப் போக நேரம் விட்டிருக்கியா?"

"கேலி வேண்டாம்."

"செவ்வாய்க்கிழமை கட்டம் காலியா இருக்கே."

தாளைத் திரும்ப வாங்கி மடித்தேன்.

"சொல்லிடு புர்கல்."

"எப்படிச் சொல்ல?"

"வாயால."

22 அக்டோபர், சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "உடன்பிறந்தவர்களிடம் ஒரு குடும்ப விஷயத்தைச் சொல்லாமல் இருந்துவிட்டேன்" என்றேன். சாமியார் இளவயது, வெளியே பதினைந்து பேர் வரிசையில். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். எழுந்து வரும்போதே தெரிந்தது. கடைக்காரனிடம் எடையைக் குறைத்துச் சொல்லி வாங்கின மாதிரி. நான் சொன்ன அளவுக்குத்தானே மன்னிப்பு?

29 அக்டோபர், சனி

வந்துவிட்டார்கள்.

ரயிலடியில் அண்ணனை அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு உயரம், இப்போது முதுகு கூனி என் உயரத்துக்கு வந்துவிட்டார். எழுபத்துமூன்று. புதுக் கறுப்புக் கோட் வைத்த பையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினார். திருநாளுக்கென்றே தைத்ததாம். ஹில்ட்ரூட் முடியைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது.

கல்பாலத்தில் சாரம் கட்டிப் பழுது பார்க்கிறார்கள். அண்ணன் நின்று பார்த்தார்.

"நான் ஊரை விட்டுப் போறப்பவும் எதையோ கட்டிக்கிட்டுதான் இருந்தீங்க. இன்னும் முடிக்கலையா மாப்ள?"

"நீங்க வந்து கை குடுப்பீங்கன்னு காத்திருந்தோம் மச்சான்," என்றார் எகிட்.

சாசேஜ் கடையில் அண்ணனுக்கு எட்டு, புளித்த முட்டைக்கோஸ் இரண்டு தட்டு. "கனடாவுல இதையே பிளாஸ்டிக்ல சுத்தி விக்கிறான். சாசேஜை எறிஞ்சுட்டு பிளாஸ்டிக்கைத் தின்னலாம், அதுல ருசி இருக்கு." ஹில்ட்ரூட் சிரித்துப் புரையேறி, நான் அவள் முதுகைத் தட்டினேன். சின்ன வயதில் செய்த மாதிரி. ஒரு நிமிஷம் எல்லாம் மறந்து சந்தோஷமாக இருந்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் அண்ணன் பர்ஸைத் திறந்தார். ஒரு போட்டோ. 1991-இல் நான் அனுப்பியது. அம்மாவின் கல், முன்னால் சிவப்புப் பிகோனியா. மடித்து மடித்து நடுவில் வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. திருப்பி, பின்னால் நான் எழுதியிருந்ததை வாசித்தார்.

"வாசல்லேர்ந்து இடப்பக்கம், ரெண்டாவது நடை, தண்ணிக் குழாயைத் தாண்டி ஏழாவது. சரியா புர்கல்? கண்ணை மூடிட்டு நடப்பேன் நான்."

"சரிதான் அண்ணா," என்றேன்.

இடம் சரிதானே. பொய் இல்லையே. இப்படி எனக்கே வக்கீல் வைத்துக்கொள்கிறேன்.

வீட்டில் புகை பிடிக்கக் கூடாது என்பது என் சட்டம். சாப்பிட்டதும் அண்ணன் பைப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். நேற்றைய மழையில் தோட்டம் முழுக்கச் சேறு. காய்ந்த இடம் ஒன்றுதான், கொட்டகை வாசற்படி.

அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தேன். பிறகு திரையை இழுத்துவிட்டேன்.

30 அக்டோபர், ஞாயிறு

இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் நாள். கூடுதலாகக் கிடைத்த மணி நேரத்தில் ரொட்டி சுட்டேன். சொல்லியிருக்கலாம்.

பேராலயத்தில் பாடற்குழுப் பையன்கள் பாடினார்கள். அண்ணன் வெளிப்படையாக அழுதார், கைக்குட்டையைத் தேடாமல். ஹில்ட்ரூட் பூசைக்கு வந்து எத்தனை வருஷம் ஆயிற்றோ, எப்போது எழுவது எப்போது மண்டியிடுவது என்று என்னைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். என்னைப் பார்த்து!

வல்ஹல்லாவில் அண்ணன் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். கீழே டான்யூப் ஆறு சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"புர்கல், மண்டபம் அங்கேயேதான் இருக்கும். இப்பவே ஒரு எட்டு அம்மாகிட்ட போய்ட்டு வந்துடலாமா?"

"இன்னிக்கு வேண்டாண்ணா. திருநாளுக்கு முன்னாடி ஊரே அங்கதான். சுத்தம் பண்றதும் செடி வைக்கிறதும்... நிக்க இடம் இருக்காது."

"நாமளும் பண்ணுவோமே. இருபது வருஷமா ஒத்தையா நீயே குனிஞ்சிருக்க. ஒரு நாள் நான் முட்டி போடறேனே."

இந்த ஒரு வார்த்தையைத்தான் இருபது வருஷம் எதிர்பார்த்துக் கிடந்தேன். வந்துவிட்டது. எடுத்துக்கொள்ள எனக்கு அருகதை இல்லாத நாளில் வந்தது.

"எல்லாம் பண்ணியாச்சுண்ணா," என்றேன்.

இது பொய். இதற்கு வக்கீல் கிடையாது.

ஹில்ட்ரூட் சொன்னாள்: "விடுண்ணா, அக்கா எதையாவது பண்ணாம விடுவாளா? கல்லைக்கூடப் பல் துலக்குற பிரஷ்ஷால தேச்சிருப்பா." அண்ணன் சிரித்தார். எகிட் மட்டும் வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

31 அக்டோபர், திங்கள், காலை

சொல்லிவிட்டேன்.

சொன்னேன் என்று சொல்லக்கூடாது. வாயிலிருந்து விழுந்தது. காப்பிக்கு அப்புறம் அண்ணன் வழக்கம்போலத் தோட்டத்துக்குப் போனார். தூறல். நான் உரப்பெட்டியில் கொட்ட உருளைக்கிழங்குத் தோலை எடுத்துக்கொண்டு போனேன். அவர் கல்லின் மேல் நின்று செருப்பில் ஒட்டிய சேற்றை அதன் ஓரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார். முதலில் இடது கால். அப்புறம் வலது.

"அண்ணா, அதுலேர்ந்து இறங்குங்க."

"ஏன், வழுக்குதா?"

"இறங்குங்கண்ணா."

"என்னடி ஆச்சு உனக்கு?"

"அது அம்மா கல்லு."

இறங்கினார். சேற்றில் போய் நின்றார். கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பைப் அணைந்துபோயிருந்தது.

"அப்ப... அம்மா?"

தூறலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தாள், இழுப்பறை, கெடு. தோல் பாத்திரத்தைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. சத்தம் கேட்டு வந்த எகிட் கொட்டகைக்குள் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார். அவரும் அண்ணனுமாகக் கல்லை நெம்பிப் புரட்டினார்கள். எழுத்துக்குள் எல்லாம் மண். மண்புழு ஒன்று. ஓட்டிலியே ரைந்தல் என்று அம்மா பேர், பிறந்தது, இறந்தது. அண்ணன் மண்டியிட்டுத் தீக்குச்சியால் ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டினார். கோட் போடாமல், மழையில். அவரை எழுப்ப யாருக்கும் துணிவில்லை.

ஹில்ட்ரூட் வாசலில் நின்று கேட்டுவிட்டாள்.

"எப்படிக்கா மனசு வந்துச்சு? தினம் கோயிலுக்குப் போறவ நீ! அம்மாவை மிதிச்சுக்கிட்டுப் போய் மண்வெட்டி எடுத்தியா? எங்ககிட்ட ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

நான் உள்ளே ஓடினேன். அழுவதற்கு என்று நினைத்திருப்பார்கள். நான் போனது கடித நோட்டை எடுக்க.

அதே நாள், மதியம்

இதையும் எழுத வேண்டும். இதுதான் பெரியது.

யாருக்கு எந்தத் தேதியில் என்ன எழுதினேன், பதில் எப்போது வந்தது — எல்லாவற்றுக்கும் நோட்டு வைத்திருக்கிறேன், நகல்தாளோடு. பதினாலு வயதில் பள்ளியை விட்டவள், நானாகக் கற்றுக்கொண்ட ஒழுங்கு. அதில் எனக்குப் பெருமை உண்டு. 29 மார்ச் 2010, ஹில்ட்ரூடுக்கு ஈஸ்டர் கடிதம். பிரித்து மேசையில் அவள் முன்னால் வைத்தேன்.

"படி. கடைசி வரி."

அவள் படித்தாள். "அம்மாவின் கல்லறைக் காலம் இந்த வருஷம் முடிகிறது, பார்க்கலாம்."

"எழுதினேனா இல்லையா? நீ பதில் போட்டியா?"

ஹில்ட்ரூட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "இது என் கண்ணுலயே படலையேக்கா... நான் சரியாப் படிக்கலையேக்கா..." என்று அழ ஆரம்பித்தாள். ஐம்பத்தொன்பது வயதுப் பெண், பள்ளிக்கூடப் பிள்ளைபோல.

நான் ஜெயித்தேன்.

ஆண்டவரே, அந்த வரி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? ஆட்டுக்குட்டி வடிவ ஈஸ்டர் கேக் செய்முறை ஒன்றரைப் பக்கம். அது முடிந்து, தாளின் ஓரத்தில், குறுக்கே திருப்பி, பொடி எழுத்தில். ஒருவர் கண்ணிலும் படாத இடம் பார்த்து எழுதினேன். அவளுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதவில்லை. பிற்பாடு காட்ட வேண்டும் என்று எழுதினேன். இன்று காட்டினேன். அவள் இப்போது தன் தப்பு என்று நினைத்து மாடியில் அழுகிறாள்.

அண்ணன் கைகழுவிக்கொண்டு உள்ளே வந்து நோட்டைப் புரட்டினார்.

"எனக்கு எதுல எழுதியிருக்க?"

"உங்களுக்கு எழுதலை."

"ஏன்?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். தபால் தாமதம், உடம்பு சரியில்லை. ஆனால் அப்போது வந்தது நிஜம்.

"எழுதியிருந்தா, கல்லறையை வச்சுக்கோன்னு சொல்லியிருப்பீங்க."

அவர் நோட்டை மூடினார். மெதுவாக, ஓரம் ஒழுங்காக.

அதே நாள், சாயங்காலம்

மாடிக்குப் போய் ஹில்ட்ரூடிடம் சொன்னேன், அந்த வரியை ஏன் அங்கே எழுதினேன் என்று. அழுகை நின்றது. "இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாங்க்கா. அழுதாவது தீர்த்திருப்பேன்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ராச்சாப்பாட்டுக்கு நானும் எகிட்டும் மட்டும். சூப் மிஞ்சியது.

1 நவம்பர், செவ்வாய், புனிதர் அனைவர் திருநாள்

வருவார்களா என்று தெரியாமல் காலை பூசைக்குப் போய் வந்தேன். மதியம் ஒன்றரைக்கு அண்ணன் கறுப்புக் கோட்டோடு கூடத்தில் நின்றார். "போலாம்" என்றார். யாரையும் பார்க்காமல். ஹில்ட்ரூடும் இறங்கி வந்தாள், பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு. சாயங்கால ரயிலுக்கே போகிறாளாம். நாளைக்கு எடுத்த டிக்கெட்டை மாற்றிவிட்டாள்.

கல்லறைத்தோட்டம் நிறைய ஜனம். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறையைச் சுற்றி, சிவப்பு விளக்கு ஏற்றி. நிற்பதற்குச் சொந்தக் கல்லறை இல்லாதவர்கள் நடுவில் இருக்கிற பெரிய சிலுவையடியில் நிற்கிறார்கள்: போரில் தொலைந்தவர்களுக்கு, கடலில் போனவர்களுக்கு, தூரதேசத்தில் புதைத்தவர்களுக்கு. போன வருஷமும் நான் அங்கேதான் நின்றேன், எகிட்டின் அண்ணன் ரஷ்யாவில் போரில் இறந்தவர், அவருக்காக என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று.

அண்ணன் நிற்கவில்லை. போட்டோவை எடுத்தார். இடப்பக்கம். இரண்டாவது நடை. தண்ணீர்க் குழாய். எண்ணிக்கொண்டே நடந்தார். நான் பத்தடி பின்னால் போனேன், கூப்பிடாமலேயே.

ஏழாவதில் புதுக் கல். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி தனியாக நின்றாள். அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார். அவள் திரும்பினாள்.

"நீங்க எங்க வீட்டுக்காரர் கூட வேலை பாத்தவரா?"

"இல்லம்மா. உங்க வீட்டுக்காரரை எனக்குத் தெரியாது. இங்க முன்னாடி எங்கம்மா இருந்தாங்க."

அந்தப் பெண் கல்லைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள். யார் வீட்டுக்குள்ளோ சொல்லாமல் குடிவந்துவிட்டவள் மாதிரி முகம் சிவந்துபோயிற்று அவளுக்கு. "எனக்குத் தெரியாதுங்க... இந்த இடம்தான் குடுத்தாங்க..."

"உங்க மேல என்னம்மா தப்பு."

"அப்ப ஏன் தள்ளி நிக்கிறீங்க? வாங்க, இடம் இருக்கு."

அவள் நகர்ந்தாள். தீர்த்தக் கிண்ணத்தில் கிடந்த இலைக்கொத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அண்ணன் மூன்று முறை தெளித்தார். பாதித் தீர்த்தம் அவர் கோட்டின் மேலேயே விழுந்தது. அப்போது அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"அவங்களும் உங்களோடவா?"

அண்ணன் திரும்பிப் பார்த்தார். என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நான் காத்திருந்தேன், எதையும் வாங்கிக்கொள்ளத் தயாராக.

"என் தங்கச்சி," என்றார். "இருபது வருஷம் இந்த மண்ணுக்குத் தண்ணி ஊத்தினவ."

சாமியார் செபம் சொல்லிக்கொண்டே எங்கள் நடையைக் கடந்து போனார். நான் மண்டியிட்டேன். முட்டி வலித்தது. நல்லது என்று நினைத்தேன்.

ஹில்ட்ரூட் வாசலிலிருந்து உள்ளே வரவில்லை.

2 நவம்பர், புதன்

அண்ணன் கிளம்பினார். ரயிலடியில் எகிட்டைக் கட்டிக்கொண்டார். எனக்குக் கை கொடுத்தார், அலுவலகத்தில் கொடுப்பது போல. "சாப்பாட்டுக்கு நன்றி." ரொட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். அதுவே பெரிது.

கல்லை எகிட் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார். எழுத்து வெளியே தெரிய. கொட்டகை வாசலில் இப்போது பலகை.

5 நவம்பர், சனி

மறுபடி பாவசங்கீர்த்தனம். இம்முறை எடை குறைக்காமல் சொன்னேன். வெளியே வரிசை இருமியது. "செபம் ஒன்றும் தரவில்லை அம்மா, அவர்கள் கேட்டால் பதில் சொல்லுங்கள்" என்றார் சாமியார். கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

16 நவம்பர், புதன்

ஹில்ட்ரூடுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. முந்தாநாளும் எடுக்கவில்லை.

27 நவம்பர், ஞாயிறு, திருவருகைக்காலம் முதல் வாரம்

முதல் மெழுகுவர்த்தி ஏற்றினோம். ஹில்ட்ரூடிடமிருந்து இன்னும் ஒன்றும் இல்லை. அவளுக்காக வேண்டிக்கொள்கிறேன். அவள் மனம் இளக வேண்டும் என்று அல்ல. அப்படி வேண்டுவதற்கு எனக்கு உரிமை கிடையாது. அவள் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. அண்ணன். அங்கே காலையாம், பனி இடுப்பளவு கொட்டுகிறதாம், கல்லைப் புரட்டிய எகிட்டின் இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"புர்கல்."

"சொல்லுங்கண்ணா."

"அம்மா போறப்ப நீதானே பக்கத்துல இருந்த. எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேக்கப் பயம். இப்ப சொல்லு."

சொன்னேன். நாற்பது நிமிஷம். கடைசி வாரம் என்ன சாப்பிட்டாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள், கை எப்படி இருந்தது, யார் யார் வந்தார்கள். அவர் குறுக்கிடவில்லை. நடுவில் ஒரு தடவை மூக்கைச் சிந்தினார்.

"கடைசியா ஏதாவது சொன்னாளா?"

அலோய்ஸ் எங்கே என்று கேட்டாள் — இந்தப் பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எவ்வளவு சுலபம். கடல் தாண்டி இருக்கும் கிழவனுக்கு ஒரு வாக்கியம், யார் சோதிக்கப்போகிறார்கள்? நோட்டில்கூட இல்லை.

"உங்க பேரும் சொல்லலைண்ணா. என் பேரும் சொல்லலை. ஜன்னலைச் சாத்தியாச்சான்னு கேட்டா. அவ்வளவுதான்."

கம்பியில் இரைச்சல். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"சாத்தியிருந்துச்சா?" என்று கேட்டார்.

"சாத்தியிருந்துச்சுண்ணா."

"ம்," என்றார். "குளிர் தாங்க மாட்டா."

அடுத்த ஞாயிறு இதே நேரத்துக்குக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தார்.